மேலாளர் அறைக்குள் போன கணினி

இன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க் சாப்பாட்டுக் கடையில் என் பழைய மேலாளர் ஆரோக்கியசாமியைப் பார்த்தேன்.

எண்பதுகளில் எங்கள் கம்பெனி, விற்பனை விவரங்களை அலச ஒரு கணினி வாங்கியது. எவ்வளவு நினைவகம், எத்தனை வட்டு, எவ்வளவு மின்சாரம் என்று எல்லாம் கணக்கிட்டவன் நான்தான்.

கதவை மட்டும் அளக்கவில்லை.

அலமாரி போல வந்து இறங்கிய கணினி, மேலாளர் அறைக் கதவில் மட்டுமே நுழைந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தோடு, அறையை விட்டுத்தரும்படி அவரிடம் கேட்டேன்.

"எத்தன நாளைக்கு, குமார்?"

"ரெண்டே நாள் சார். மத்த ரூம் கதவப் பெருசாக்கிடுவோம்."

நான்கு வருடம் கணினி அவர் அறையின் ஏர்கான் குளிரில் இருந்தது. அவர் தாழ்வாரத்தில் விசிறிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இன்று வணக்கம் சொன்னதும் கேட்டார்: "குமார், என் ரூம் ரெடியா லா?"

எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். டீ ஆறுவதற்குள் யாராவது ஒரு பதில் சொல்லுங்கள்.