பம்மியின் அம்மாவைத் தேடினோம்

அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், மூத்த மகளாகிய நான் அவரைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுது என்று தம்பி சொன்னான். மனத்தை உறுத்துவதை ஒதுக்கிவிட்டு எழுத எனக்கு வரவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மா, எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிச் சந்தை வரைதான் உலகம் பார்த்திருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், ராணுவத்தில் இருந்த அப்பாவை மணந்து, மூன்று நாள் ரயிலில் போய் வடக்கே அம்பாலாவின் ராணுவக் குடும்பக் குவார்ட்டர்ஸில் இறங்கினார். மொழி தெரியாது. மூன்று வேளையும் கோதுமை. முதல் வாரம் முழுக்க அழுததை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

அந்த அழுகையை நிறுத்தியவர் அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெண். அவர் மகள் பெயர் பம்மி. அதனால் அம்மாவுக்கு அவர் பம்மியம்மா. அவருக்கு அம்மா வெறும் ‘மதராசி’. பாலக்காடு என்று விளக்கும் அளவுக்கு அம்மாவின் இந்தி போதவில்லை. அந்த வீட்டு வரிசையில் எந்தப் பெண்ணையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பம்மியம்மா தன் சல்வாரை உடுத்தக் கொடுத்து அம்மாவுக்குச் சைக்கிள் கற்றுத் தந்தார். இருவரும் கேண்டீனுக்குச் சைக்கிளில் போவதைப் பார்த்த அப்பா, “ஊருல போயி வாயத் தொறந்துராதே, எங்கம்மா என்னையத்தான் வையும்” என்றாராம்.

பிறகு போர் வந்தது. அப்பா எல்லைக்குப் போய்விட்டார், அம்மாவுக்கு நிறைமாதம். வலி கண்டதும் குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் பம்மியம்மா. என்னை முதலில் கையில் வாங்கியவரும் அவரே. நாற்பது நாளும் நெய்யில் கோதுமை மாவை வறுத்து உருண்டை பிடித்துக் கொடுத்தாராம். “பெத்தவ பக்கத்துல இல்லாத கொறையே தெரியலே” என்று அம்மா சொல்லாத நாளில்லை.

தாத்தா படுக்கையில் விழுந்ததாகத் தந்தி வந்தபோது, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அன்றே ரயிலேற வேண்டியதாயிற்று. பம்மியம்மா ஒரு கல்யாணத்துக்காகத் தன் ஊருக்குப் போயிருந்தார். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அம்மா வந்துவிட்டார். பிறகு அப்பாவும் வேறிடத்துக்கு மாற்றலாகி, அங்கிருந்து எழுதிய கடிதமும் திரும்பி வந்தது. அந்தக் குடும்பம் வேறெங்கோ மாறிப் போயிருந்தது. அதன்பின் தென்னந்தோப்பு, மாடு, வற்றிய கிணறு, எங்கள் படிப்பு, அப்பாவின் மறைவு என்று அம்மா பட்ட பாட்டை உறவினர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

இடுப்பெலும்பு முறிந்து படுத்தபின் அம்மா கேட்டது ஒன்றுதான். “பம்மியம்மாகிட்ட ஒருக்கா பேசோணும் கண்ணு. சொல்லாமக் கொள்ளாம வந்துட்டனே.”

“அவிங்க பேரு என்னுங்ம்மா?”

“பேரா? பம்மியம்மாதான்.”

வீட்டுக்காரர் பெயரைக் கேட்டோம். “சிங்கு” என்றார். அதை மட்டும் வைத்துக்கொண்டு பஞ்சாபில் யாரைத் தேடுவது? அப்பாவின் படைப்பிரிவு அலுவலகத்துக்கு எழுதினோம். அந்தச் சிங்கின் ராணுவ எண்ணைக் கேட்டுப் பதில் வந்தது. அப்பாவுக்கு முழுப்பெயர் தெரிந்திருக்கும். அவர் இருந்தபோது நாங்கள் கேட்கவேயில்லை. படித்த பிள்ளைகள் மூன்று பேர், ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தோம்.

கடைசியில் ஒரு பொய் சொன்னோம். கோவையில் தம்பியோடு வேலை செய்யும் பஞ்சாபி நண்பரின் தாயாரைப் பம்மியம்மாவாகப் போனில் பேச வைத்தோம். அம்மா தட்டுத் தடுமாறி இந்தியில் கால்மணி நேரம் பேசினார். போனை என்னிடம் தந்துவிட்டு, “அவ இல்லே கண்ணு. ஆரோ ஒரு தாயி, பாவம், நல்லாப் பேசுச்சு. நீங்களுந்தான் என்ன பண்ணுவீங்க” என்றார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அடுத்த வாரம் அம்மா கண்மூடினார்.

அம்மாவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட சித்திக்கும், நாள் தவறாமல் வந்த செவிலியருக்கும், தோட்ட வேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட பங்காளிகளுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. முன்பின் தெரியாத எங்களுக்காகப் பேசிய அந்தப் பஞ்சாபித் தாயாருக்கும் எங்கள் வணக்கம். அவர் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். அம்மா கேட்டது அவரை அல்ல.