அக்காவின் கைக்கடிகாரமும் ஒரு குண்டான் மஞ்சள் தண்ணீரும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். நல்லதெல்லாம் அக்காவிடம் இருந்தது. எங்களிடம் இருந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உப்பளம் என்கிற கடலோரப் பகுதியில் ஒரு மில் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. மில்லை மூடியதும் அப்பா வீட்டோடு இருந்துவிட, நர்சு வேலைக்குப் போய் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். முதல் சம்பளத்தில் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினார். நோயாளியின் நாடியை எண்ண நொடி முள் வேண்டுமே. ஓய்வு பெற்ற பிறகும் அதே கடிகாரம்தான்.

ஞாயிறு காலை அதைச் சுத்தம் செய்வார். வாரைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, மெத்தென்ற பல் பிரஷ்ஷை நனைக்காமல் தேய்த்து, இடுக்கில் அடைந்த அழுக்கை எடுப்பார். அப்பாவின் பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டு இல்லாமல் பிழிந்து, பின்மூடியை ஒரு துடை. உடனே காய்ந்த துணியால் இன்னொரு துடை. "கடலோரத்து ஊருடா. உப்பும் வேர்வையும் சேந்தா இரும்பத் தின்னுடும்" என்பார். குழாயடிப் பக்கமே கொண்டுபோக மாட்டார். தினமும் காலையில் சாவி கொடுப்பார். திருகு இறுகினால் அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூடக் கிடையாது. மூடியைத் திறந்து எண்ணெய் போடுவது மட்டும் கடையில்.

இவ்வளவு சுத்தம் பார்த்தவரைத்தான் எங்கள் அத்தை முப்பது வருடம் தீட்டு என்றார். "பொணத்தத் தொடற கையி, அது குடுக்கற காப்பிய நான் குடிக்கணுமா?" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே கேட்டார். அக்காவுக்கு வந்த இரண்டு வரன்கள் அந்த வாயால்தான் நின்றன. பிறகு சர்க்கரையில் அத்தையின் கால் புண்ணானபோது, மாதக்கணக்கில் கட்டுப் போட்டது அதே கைதான். அப்போது தீட்டு எங்கே போயிற்று? கோபமாகத்தான் கேட்கிறேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் அக்காவின் கை வீங்கியது. கடிகாரத்தை அவரே கழற்றி என்னிடம் தந்தார்.

"டேய், காலைல சாவி குடு. தண்ணி மட்டும் படாம பாத்துக்க."

வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

தகனம் முடிந்து திரும்பினோம். வாசலில் அத்தை ஒரு குண்டான் மஞ்சள் தண்ணீரோடு நின்றார். அக்காவின் செயின், தோடு, வளையல் எல்லாம் உள்ளே கிடந்தன.

"வாட்ச் எங்கடா? அதயும் போடு."

"அத்த, அது நகை இல்ல. தண்ணி பட்டா..."

"ஆஸ்பத்திரித் தீட்டு ஊட்டுக்குள்ள வரணுமா? போடுறா."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. போட்டேன். காலையில் நான் சாவி கொடுத்து ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். கண்ணாடிக்குள் மஞ்சளாய் நீர் ஏறியதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. காரியமெல்லாம் முடித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளே முழுக்கத் துரு.

"நனைஞ்ச அன்னிக்கே கொணாந்திருந்தா காப்பாத்தியிருப்பேன். பதினாறு நாளு என்னா சார் பண்ணீங்க?" என்றார் கடைக்காரர்.

கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அக்காவைக் கடைசிவரை கண்ணாகப் பார்த்துக்கொண்ட நர்சுத் தோழிகளுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த வைத்திக்குப்பம் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்கும் இந்த மலரில் ஒரு பிரதி அனுப்புவேன்; நன்றி இல்லை.

எனக்கும் இல்லை. குண்டானில் கடிகாரத்தைப் போட்டது என் கை. அத்தை அந்தக் காப்பியைத் தள்ளி வைத்த அன்றும், அதே கூடத்தில், அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.