மறுபடியும் அக்கா

முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்ட பிறகுதான் எந்தக் கூட்டத்திலும் அவள் வாயைத் திறப்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் தும்மல் வருகிறதென்று நினைத்துச் சற்றுத் தள்ளி உட்காருவார்கள். பல வாசனைகளை முகர்ந்து மூக்கு மரத்துப்போனால் சொந்தத் தோலை முகர்ந்துதான் அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டு, வீட்டில் கணவரோடு வாக்குவாதம் முற்றும்போதும் கை தானாக மேலே போய்விடுகிறது.

கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் தனி வாசனை செய்து தரும் இடத்தில் வேலை. வாசனை கலப்பவர் உள்ளறையில் இருக்கிறார். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் எல்லோரும் அவரை ‘மூக்கு சார்’ என்பார்கள். அவர் கலந்ததைக் காகிதப் பட்டைகளில் தோய்த்து, மூடிபோட்ட கண்ணாடிக் குழாய்களில் அடைத்துக் கொண்டுபோய் வாடிக்கையாளரை முகரவைப்பது அவள் வேலை. அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டு வந்து, திருத்த வைத்து, திரும்பவும் கொண்டுபோக வேண்டும். கதவைத் தட்டும்போதே உள்ளேயிருந்து “மறுபடியுமா?” என்று குரல் வரும். ஆபீசில் அவளுக்கு ‘மறுபடியும் அக்கா’ என்றே பெயராகிவிட்டது.

வாசனை சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய் எதையும் தொடமாட்டாள். “நீ வீட்டுக்கு வந்தியா இல்லையான்னு குரல் கேட்டாத்தான் தெரியுது” என்று கணவர் கிண்டல் செய்வார். “நான் வெறும் தாள் மாதிரி இருக்கணுங்க. இல்லேன்னா என் வாசனையை அவங்க தலையில கட்டின மாதிரி ஆயிடும்” என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே உள்ளறைக்குக் கொண்டுபோக மாட்டாள். ‘சகிக்கல’ என்றால் “கொஞ்சம் அவசரப்படுதாம் சார்.” ‘ஆஸ்பத்திரி நெடி அடிக்குது’ என்றால் “சுத்தம் ஒரு பிடி கூடிப்போச்சாம் சார்.” மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில் நின்று பேசிப் பழகிய வாய். ஒரு விஷயத்தில் மட்டும் கறார். ஒரு சுற்றுக்கு ஒரு குறைதான் கேட்டுக்கொள்வாள். “எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா, எது மாறினதால நல்லாச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?”

இப்படிப்பட்டவளிடம்தான் தலையணைக் கம்பெனி முதலாளி வந்து சேர்ந்தார். கடைக்கென்று ஒரு வாசனை வேண்டும். “உள்ள வந்தா தூக்கம் வரணும். ஆனா ஒருத்தரும் கொட்டாவி விடக்கூடாது.” அவள் சிரிக்கவில்லை. “ரெண்டுல எது சார் முக்கியம்?” என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, “ரெண்டும்தான்” என்றார்.

முதல் சாம்பிள் ஆஸ்பத்திரி என்றார். இரண்டாவது அவருடைய மாமியார் வீட்டு அலமாரி. மூன்றாவதை முகர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். “இதான்! இன்னும் ஒரு துளி மென்மை, அவ்வளவுதான்.” மூக்கு சார் மென்மையாக்கிக் கொடுத்தார். “அது எங்கம்மா போச்சு? அந்த மூணாவதுல ஒண்ணு இருந்துச்சே!” சரி, மூன்றாவதையே இம்மி பிசகாமல் கலந்து கொண்டுபோனாள். “இது அது இல்ல. என்னை ஏமாத்தாதீங்க” என்றார்.

இதை மட்டும் மாற்றாமல் அப்படியே உள்ளறையில் போய்ச் சொன்னாள். கேட்ட மூக்கு சார் கையிலிருந்த சொட்டு விடும் பிப்பெட்டைக் கீழே வைத்தார். “ஒரே மாதிரி ரெண்டு தடவை கலக்க எனக்குத் தெரியாதா? அந்த ஆளுக்கு மூக்கு இருக்கான்னு முதல்ல பாத்துட்டு வா.” மேனேஜர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். அவள் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்யும் முதல் பெரிய வேலை இது. கை நழுவினால் பழையபடி முன்வாசலில் போன் எடுக்கப் போய் உட்கார வேண்டியதுதான்.

அடுத்த கூட்டத்தில் முதலாளி பட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து மேசையில் போட்டார். “போதும்மா. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.” அவள் முழங்கையை முகர்ந்தாள். கண் கலங்குவதை மறைக்கக் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “இதான்! இப்ப வந்துச்சே, இதான்!” என்று பட்டைகளைத் திரும்பவும் பொறுக்கி முகர ஆரம்பித்தார்.

அவள் பையைப் பட்டென்று மூடினாள். வாசனை போய்விட்டது.

“ஒரு வாரம் குடுங்க சார்” என்றாள்.

தோல் பை, நைந்தது, ஓரம் இரண்டு முறை தைத்தது. காலையில் பஸ்ஸில் ஆரஞ்சு உரித்துத் தின்பாள். தோலை ஜன்னலுக்கு வெளியே எறிய மனம் வராது, பையின் ஓர் அறைக்குள் போடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளின் பென்சில்களைப் பள்ளிக்கூடம் வருவதற்குள் சீவி, அந்தச் சுருள்களையும் அதே அறையில் சேர்ப்பாள். மூன்றாவது சாம்பிள் கொண்டுபோன அன்று நல்ல மழை, ஓட்டமாக ஓடியதில் கண்ணாடிக் குழாய்களை மறந்துவிட்டாள். பட்டைகளைக் கைக்குட்டையில் சுற்றி அந்த அறையில்தான் செருகியிருந்தாள். ஊர் வாசனையெல்லாம் பிரித்துச் சொல்கிறவளுக்குச் சொந்தப் பையின் வாசனை மட்டும் மூக்குக்கு எட்டியதே இல்லை.

“மறுபடியுமா?” என்றது கதவு.

இந்த முறை எதையும் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. “தப்பு என்மேல சார். அந்த மூணாவது பட்டை குழாய்ல போகல, இதுக்குள்ள கெடந்துச்சு. அந்த ஆளு கேக்கறது உங்க வாசனை இல்ல சார். என் பை.”

திட்டு விழும் என்று நின்றாள். அவர் பையையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் முழுவதையும் பைக்குள் விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

“மரம் சரியா இருக்கு. தோலும் சரி” என்றார் உள்ளிருந்தே. “ஆரஞ்சுதான் கொஞ்சம் தூக்கல். அதைக் கொற.”

“ஒரு சுத்துக்கு ஒண்ணுதான் சார்.”

“ஒண்ணுதாம்மா சொன்னேன்.”

அவள் பையை வாங்கி உள்ளே கைவிட்டு ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டை மட்டும் எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். முழங்கையை ஒருமுறை முகர்ந்துகொண்டாள். பிறகு வாடிக்கையாளர் முன்னால் குழாயைத் திறக்கிற அதே நிதானத்தோடு பையைத் திறந்து மூக்கு சாரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.