மேற்கு ஜன்னல் ஆன்டெனா

கேபிள் கம்பியை அறுத்தது வைக்கோல் ஏற்றிய டிராக்டர். சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் தெருவில் வருடா வருடம் நடப்பதுதான். வைக்கோல் கட்டுகளை மாடி உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு வண்டி வரும். தெருவுக்குக் குறுக்கே தொங்கும் கம்பியை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு போய்விடும். மறுநாள் கேபிள்காரர் வந்து ஒட்டுப்போட்டுக் கொடுப்பார். இந்த முறை வரவில்லை. போன் செய்து கேட்டேன்.

"எல்லாரும் டிஷ்ஷுக்குப் போயிட்டாங்கக்கா. உங்க தெருவுல இப்ப ரெண்டு மூணு வீடுதான். அதுக்காக ஆள் அனுப்பினா கட்டுப்படியாகலக்கா" என்றார்.

எனக்கு டிவி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். உரக்கடையில் பில் போடுகிறேன். யூரியா லோடு வந்த நாட்களில் கடை வாசலில் நிற்கும் கூட்டத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், பெட்டிக்குள் இருக்கிற மனிதர்களைக்கூடப் பார்க்கப் பிடிக்காது. பிரச்சினை அப்பாவுக்குத்தான். அம்மா போன பிறகு அப்பா எங்கள் வீட்டில் இருக்கிறார். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். கிராமத்து வீட்டைப் பூட்டி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் சாய்வு நாற்காலியுமாகத் திருத்துறைப்பூண்டிக்கு வந்தார்.

நிலம் கையை விட்டுப் போனாலும் தண்ணீர் விசாரணை அவரை விட்டுப் போகவில்லை. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ஊரெல்லாம் சுற்றி, மிச்சமிருந்தால் எங்களிடம் வரும். சாயங்காலச் செய்தியில் அணையின் நீர்மட்டத்தைக் கேட்காமல் அப்பா சாப்பிட உட்கார மாட்டார். நான் போனில் பார்த்துச் சொன்னால் "அப்படியா" என்பார். பிறகு செய்தி வாசிப்பவர் சொல்வதற்காகக் காத்திருப்பார். என் வாயால் சொன்னால் அணையில் தண்ணீர் ஏறாது போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகன் இருக்கும்போது மகள் வீட்டில் வந்து இருப்பது எங்கள் பக்கத்தில் ஒரு அப்பாவுக்கு லேசான காரியமில்லை. வருகிறவர்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் "பையன் என்ன பண்றாப்ல?" என்று கேட்டுவிடுவார்கள். நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். அப்பாவிடம் பதில் தயாராக இருக்கும். "அவன்தான் எல்லாம் பாத்துக்கறான். இங்க டவுன்ல டாக்டர் பக்கம், அதான்." அவர் கட்டியிருக்கும் வேட்டியும், போட்டிருக்கும் கண்ணாடியும், மேஜையில் இருக்கும் பிரஷர் மாத்திரையும் தம்பி வாங்கிக் கொடுத்தவை ஆகிவிடும். அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சாப்பிடும்போது மட்டும், இரண்டாவது கரண்டி சோறு எடுத்துப் போனால், தட்டைக் கையால் மறைத்து "போதும் போதும்" என்பார். என் கைப்பக்குவம் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சமையல் சாப்பிட்ட நாக்கு.

கேபிள் போன செய்தியைத் தம்பியிடம் சொன்னதும் அவன் துள்ளிக் குதித்தான்.

"அக்கா, ஒண்ணும் கவலப்படாத. இங்க எங்க ரூம்ல ஜன்னல்ல ஒட்டுற ஆன்டெனாதான் வச்சிருக்கோம். கம்பி கிடையாது, டிஷ் கிடையாது, மாசக் கட்டணம் கிடையாது. கண்ணாடி மாதிரி தெரியும். ஊருக்கு வர்ற பையன்கிட்ட குடுத்து அனுப்புறேன்."

வந்தது. கறுப்பாக, சோற்றுத் தட்டு அகலத்தில், அட்டை போல மெலிசாக இருந்தது. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, அம்மா படத்துக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ரேடியோ திருச்சியிலிருந்து வருகிறது, ஆகவே டிவியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, மேற்கு ஜன்னலில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். டிவியில் சேனல் தேடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பச்சைக் கோடு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக ஓடியது. கடைசியில், எந்தச் சேனலும் இல்லை என்று வந்தது.

கிழக்கு ஜன்னலில் ஒட்டினோம். பீரோ மேல் வைத்தோம். என் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று அதைத் தலைக்கு மேல் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. எனக்கு இருப்பது வாரத்தில் அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் டிவி பழுதுபார்ப்பவரிடம் போனேன். சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பியது என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆன்டெனா நல்லாத்தான் இருக்குங்க. அந்த ஊர்ல டவர்லேருந்து டிஜிட்டல்ல அனுப்புறாங்க, இது புடிச்சுக்குது. நம்ம பக்கம் அனுப்புறதுக்கு யாரு இருக்கா? டவர்லேருந்து வந்தாத்தானங்க இது வாங்கும்?"

"பழைய மீன்முள்ளு ஆன்டெனா ஒண்ணு பரண்ல கிடக்கு. அத மாட்டினா?"

"அந்த ஒளிபரப்பையே நிறுத்தியாச்சுங்க. துணி காயப்போட வேணா ஆவும். கட்டணமில்லாத டிஷ் ஒண்ணு வச்சுக்குங்க. நீங்க கேக்குற செய்தி அதுல வரும்."

இவ்வளவுதான் விஷயம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். டிஷ் வைத்துவிடலாம் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவன் தெரியாமலா அனுப்புவான்? கொஞ்ச நாள் போவட்டும். வரும்."

எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்த சாமானைப் பழுது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. எரியாத டார்ச் லைட் ஷோகேஸில் இருக்கும். காலுக்குச் சேராத ஷூ கட்டிலுக்கு அடியில் இருக்கும். அனுப்பியவன் கேட்டால் எல்லாமே பிரமாதம். அன்று சாயங்காலம் தம்பி வீடியோவில் வந்தான். "எப்படிப்பா இருக்கு படம்?" என்றான்.

"தெளிவா வருதுப்பா. கண்ணாடி மாதிரி" என்றார் அப்பா.

எதிரே டிவி கறுப்பாக உட்கார்ந்திருந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது என்பதைத் தவிர எனக்கு அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

அதன்பிறகு தினமும் சாயங்காலம், செய்தி நேரத்துக்குச் சரியாக, அப்பா டிவியைப் போட்டுச் சேனல் தேட விடுவார். பச்சைக் கோடு ஓடி முடியும்வரை பார்ப்பார். அணைத்துவிட்டுச் சாப்பிட வருவார். நீர்மட்டம் எவ்வளவு என்று என்னிடம் கேட்கவும் மாட்டார். பங்குனி முழுக்க இப்படியே போனது. கோபம் ஒரு பக்கம், அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காதது ஒரு பக்கம். சித்திரையில் அவரைக் கண் பரிசோதனைக்குத் திருவாரூருக்கு என் வீட்டுக்காரரோடு அனுப்பிவிட்டு, கடைக்கு லீவு போட்டு, டிஷ்காரரை வரவழைத்தேன்.

தெருவிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது, கொல்லைப் பக்கமாக வையுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேறு வீடுகளில் தெருவுக்குத் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்வார்களாம். மாடியின் பின் மூலையில் டிஷ்ஷை முடுக்கி, வயரை மேற்குச் சுவரோடு இறக்கி, தம்பியின் ஆன்டெனாவுக்குப் பின்னால் ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தோம். அந்த அட்டையிலிருந்தே வயர் புறப்படுவது போல இருந்தது. அப்பா வந்ததும் டிவியைப் போட்டேன். அணை, மதகு, செய்தி வாசிப்பவர், எல்லாம் வந்தது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றார் அப்பா. பக்கத்தில் இருந்த புதுப் பெட்டியையும் புது ரிமோட்டையும் பார்த்தார். "இது என்னம்மா?"

"ஆன்டெனாவுக்கு இப்படி ஒரு பெட்டி வேணுமாம்ப்பா. கடைல சொன்னாங்க."

"ஓகோ" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தி எனக்கு.

திருப்தி ஆனி மாதம்வரைதான். திருவிடைமருதூரிலிருந்து சித்தப்பா, அதாவது அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். மகள் வீட்டில் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று எடைபோடுகிற பார்வை அவருக்கு. அப்பா அவரை மேற்கு ஜன்னலுக்கே அழைத்துப் போனார்.

"பையன் அனுப்பினது. மாசக் கட்டணம் கிடையாது. நான் கேட்டேன்னு மறுவாரமே அனுப்பிட்டான்."

"பரவால்லியே! இருந்தா இந்த மாதிரி ஒரு புள்ள இருக்கணும். எனக்கும் ஒண்ணு சொல்லிவிடுங்கண்ணே" என்றார் சித்தப்பா.

காப்பியை அவர்கள் முன்னால் வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. டிஷ் என்னுடையது. மாடியில் காக்கை உட்கார்ந்து அதைத் திருப்பிவிட்டால் வெயிலில் ஏறி நிமிர்த்துவது நான். டாக்டரிடம் டோக்கன் போட்டு உட்கார்ந்திருப்பது நான். அவன் நோகாமல் நுங்கு தின்கிறான். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, சுண்ணாம்பு வைத்த கண் எதுவென்று எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு நன்றி வேண்டாம். இது என் மகள் செய்தது என்று, யாராவது ஒரு ஆளிடம், ஒரே ஒரு தடவை அவர் சொன்னால் போதும். அதைக் கேட்டு வாங்குவதற்கும் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. கடையில் அடியுரக் கூட்டம் ஓய்ந்து மேலுரக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. அன்று இருட்டிக்கொண்டு வந்ததால் சீக்கிரம் வீடு வந்துவிட்டேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது தம்பி வீடியோவில் வந்தான். வழக்கம்போல நான் போனை அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"அப்பா, சித்தப்பா எனக்கே போன் பண்ணிட்டாரு. அவருக்கும் ஒண்ணு வாங்கிட்டேன், அடுத்த வாரம் வந்துடும். அங்க இன்னும் நாலு பேரு கேட்டாங்களாம்" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். பத்து மணி நேரம் வெல்டிங் செய்துவிட்டு வந்து, சாப்பிடாமல், இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறான்.

திருவிடைமருதூரில் அந்த அட்டையை ஜன்னல் ஜன்னலாக ஒட்டிப் பார்த்துவிட்டுச் சித்தப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். பிறகு, எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு அலுப்பு. அப்பா தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மழை சடசடவென்று பிடித்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. செய்தி வாசிப்பவர் மேட்டூர் என்று தொடங்கி அப்படியே உறைந்துபோனார். டிஷ்ஷில் வயர் சேரும் இடத்தில் நான் சுற்றி வைத்திருந்த பாலிதீன் பை பிய்ந்திருக்கும். பழக்கதோஷத்தில் போனை நாற்காலிக் கையில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.

"மேல ஏறாதம்மா" என்றார் அப்பா. "படி வழுக்கும். மழை விட்டா டிஷ்ஷு தானா வரும்."

நான் அப்படியே நின்றேன். போனில் தம்பியின் குரல் வந்தது.

"எந்த டிஷ்ஷுப்பா?"

"உங்கக்கா வச்சது. மாடியில இருக்கு."

"அப்ப நான் அனுப்பினது?"

"அது ஜன்னல்ல இருக்கு" என்றார் அப்பா. "இங்க அதுக்கு டவர் கிடையாதாம்ப்பா. அக்காதான் விசாரிச்சு, டிஷ்ஷு வச்சுக் குடுத்தா. அதுலதான் நான் பாக்கறேன். சித்தப்பாவுக்கு அனுப்பாத. அவருக்கும் டிஷ்ஷுதான் தோதுன்னு நானே சொல்லிக்கறேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?" என்றான் தம்பி. "போய்ச் சாப்புடுடா, அப்புறம் பேசுவோம்" என்றேன். வைத்துவிட்டான்.

மழைச் சத்தத்தில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"வச்ச மறுநாளே. பல்லு வெளக்கறதுக்கு நான் கொல்லைக்குத்தானே போறேன்? நிமிந்து பாத்தா நேரா இருக்கு."

தெருவுக்கு மறைத்தவள் கொல்லைக்கு மறைக்கவில்லை. தினமும் காலையில் வேப்பங்குச்சியும் கையுமாக மேகம் பார்க்கிற மனிதர் என்பது எனக்கு நினைவே வரவில்லை.

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் அவன் அனுப்பினதுன்னு சொன்னீங்க?" என்றேன். "என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு மனசு வரலையாப்பா?"

அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி வாசிப்பவரின் உறைந்த முகம் இன்னும் அப்படியே இருந்தது.

"பொண்ணு வீட்டுல உக்காந்து சாப்புடறவன் வேற என்னம்மா சொல்லுவான்?" என்றார். "சோறும் உன்னுது, டிவியும் உன்னுதுன்னா நான் யாரு இங்க?"

அடுப்படிக்குப் போய்க் குழம்பைச் சுடவைத்தேன். மழை விடவில்லை, படமும் வரவில்லை. என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டே வந்து சேர்ந்ததும் இரண்டு பேருக்கும் தட்டு வைத்தேன். அப்பா வந்து உட்கார்ந்தார்.

"நீர்மட்டம் எவ்வளவும்மா? போன்ல பாரு" என்றார். பார்த்துச் சொன்னேன். "நேத்திக்கு இப்ப பரவால்ல" என்று தலையாட்டிக்கொண்டார்.

இரண்டாவது கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எப்போதும்போல அவர் கை வந்து தட்டை மறைத்தது. குறை என் சமையலில் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் கையைப் பிடித்து விலக்கிவிட்டுச் சோற்றைப் போட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.