வாசக்காலில் இருந்த ஆணி

நான் வீடு இடிக்கிற வேலைக்குப் போகிறேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு வேலைக்குக் குறைவில்லை. ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், பழைய வீடுகள் போகின்றன. ஜேசிபி வருவதற்கு முன்னால் கதவு ஜன்னலைக் கையால் கழற்றுவது ஆண்கள் வேலை. செங்கல்லில் ஒட்டிய காரையைக் கொத்தி அடுக்குவது பெண்கள் வேலை. கொத்திக் கொத்தி, எது நல்ல பொருள், எது உளுத்தது என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

வடக்கனந்தலில் எங்கள் வீட்டைக் கட்டியபோது சுவரும் கூரையும்தான் புதிது. மற்றதெல்லாம் நான் பொறுக்கி வந்தது.

தரையில் ஏழு வீட்டு டைல்ஸ் இருக்கிறது. எல்லாம் உடைசல். மேஸ்திரி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாம்மா, பந்தி முடிஞ்ச எலை மாதிரி கலர் கலரா கீது.”

“நீங்க ஒட்டுங்க” என்றேன்.

ஒட்டி முடித்ததும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

பச்சைக் கண்ணாடி ஜன்னலை மலைப் பக்கம் வைத்தேன். சாயங்காலம் தரையெல்லாம் பச்சை விழும். உட்கார ஒரு பஸ் சீட்டு, பழைய இரும்புக் கடையில் எடுத்தது. முதுகில் ‘மகளிர்’ என்று எழுதியிருக்கும். அதில் எப்போதும் என் வீட்டுக்காரர்தான் உட்காருவார்.

வாசக்கால் ஒரு நெல் வியாபாரி வீட்டை இடித்தபோது எடுத்தது. தேக்கு. தட்டினால் கணீரென்று கேட்கும். ஒரு வீட்டில் நின்ற வாசக்காலை இன்னொரு வீட்டில் நிறுத்தக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வீட்டுக்காரருக்குப் பயம். பழசு என்று தெரியாமல் இருக்கப் பெயின்ட் அடித்தார். மேலே இரண்டு ஆணி இருந்தது. பிடுங்கவா என்று கேட்டார்.

“இருக்கட்டும். தோரணம் கட்ட ஆகும்” என்றேன்.

அதுதான் வம்பாகப் போனது.

எங்கள் வழக்கப்படி புது வீட்டுக்குள் விளக்கை முதலில் எடுத்து வருவது வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்பேன். அவர் நுழைந்தால்தான் மற்றவர்கள் நுழைவார்கள். அவர் திரும்பிப் போனால் அந்த வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள்.

குடிபோகிற அன்று காலை சொந்தம் எல்லாம் வாசலில் நின்றது. அண்ணி விளக்கைக் கீழே வைத்துவிட்டு, மாவிலைத் தோரணம் கட்ட ஸ்டூல் மேல் ஏறினார். கை அப்படியே நின்றது.

“இன்னாடி இது? புது வாசக்கால்ல ஏதுடி ஆணி?”

“முன்னாடியே இருந்துச்சு அண்ணி.”

“முன்னாடின்னா?”

“வேற வூட்டுல.”

வாசலில் நின்றவர்கள் நிமிர்ந்து வாசக்காலைப் பார்த்தார்கள்.

“இடிச்ச வூட்டு வாசக்காலா? நல்லா வாழ்ந்த வூட்ட எவனாவது இடிப்பானாடி?”

“ரோடு வந்துச்சு. இடிச்சாங்க.”

“இது வழியா எத்தினி பொணம் போச்சோ. நான் வெளக்க எடுத்துக்கினு இதுல நொழையணுமா?”

“அக்கா, அது வந்து...” என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

“நீ சும்மா இர்ரா. பெயின்ட் அடிச்சு மறைச்சவன்தான நீ.”

எனக்குக் கெஞ்ச வராது. ஆனால் அந்த மரத்தைக் கழுவியது நான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“அண்ணி, எறங்காதீங்க. அந்த ஆணிய நகத்தால சொரண்டிப் பாருங்க.”

முறைத்தார். ஆனாலும் சுரண்டினார். பெயின்ட் உரிந்தது. உள்ளே நூல். முடிச்சு மேல் முடிச்சு, ஆணியைச் சுற்றி விரல் கனத்துக்கு இறுகிப்போயிருந்தது. ஒரு முடிச்சில் காய்ந்த மாவிலைக் காம்பு.

“சாவுக்கு யாராவது மாவெல கட்டுவாங்களா அண்ணி?” என்றேன்.

அண்ணி நூலைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு அடுத்த ஆணியையும் சுரண்டினார். அதிலும் அவ்வளவு நூல்.

கூட்டத்தில் இருந்த என் சித்தி சொன்னார்: “கல்யாணம், காதுகுத்து, பொங்கலுன்னு கட்டிக்கினே இருந்துருக்காங்க போல.”

அண்ணி ஆணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

“துரு புடிச்சுக் கீதே, தாங்குமாடி?”

“நம்மள விட ஜாஸ்தி தாங்கும்.”

பழைய நூல் மேலேயே தோரணத்தைக் கட்டினார். இறங்கினார். விளக்கை எடுத்தார். வலது காலை வைத்து உள்ளே போனார். பின்னாலேயே எல்லாரும் போனார்கள்.

உள்ளே தரையைப் பார்த்தார். “கால எங்க வெக்கிறதுன்னே தெரியலடி” என்றார். பச்சை ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்தார். அப்புறம் பஸ் சீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் அப்பாடா என்று அதில் சாய்ந்திருந்தார்.

“எந்திரிடா. எழுதிக் கீதுல்ல.”

அவர் எழுந்தார். அண்ணி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டார்.

“இன்னாடி நின்னுக்கினு கீற? பால் பொங்கிச்சான்னு போய்ப் பாரு.”