என் புடவை மேல் விழுந்த பழி

இறக்கம் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் இஞ்சினை நிறுத்திவிடுவார். நியூட்ரலில் போட்டு, ஜவ்வாது மலையிலிருந்து அடிவாரம் வரை மோட்டார் சைக்கிளை உருளவிடுவார். அந்தக் காலத்தில் அந்தப் பாதையில் பாதிப் பேர் அப்படித்தான் இறங்கினார்கள். பெட்ரோல் மிச்சமாம். பிரேக்கை மட்டும் நம்பி வளைவுகளில் இறங்கும்போது அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். வேண்டாம் என்று சொன்னால், "தானா போற வண்டிக்கு இஞ்சினு இன்னாத்துக்கு?" என்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். கல்யாணத்துக்கு முன்பே, நானாகப் படித்து வாங்கிய வேலை. வாரநாட்களில் அங்கேயே தங்குவேன்; சனிக்கிழமை மதியம் அவர் வந்து கலசப்பாக்கத்தில் இருந்த மாமனார் வீட்டுக்கு அழைத்துப் போவார். வண்டி மாமனார் வாங்கிக் கொடுத்தது.

அன்று, வழியெல்லாம் மிதித்து மிதித்துச் சூடேறிய பிரேக் ஒரு வளைவில் பிடிக்கவே இல்லை. மழை அடித்து வந்த சரளையில் வண்டி சறுக்கி, என் இடது கால் மேலேயே விழுந்தது. புளி மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்த மலைக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் என்னைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். மற்றவர் தடுத்தார்.

"தூக்காத. எலும்பு நவுந்துடும்."

காலின் இரண்டு பக்கமும் குச்சி வைத்து, தன் துண்டைக் கிழித்து அவரே கட்டினார். வந்த பஸ்ஸை மறித்து என்னைப் படுக்கவைத்து ஏற்றினார்கள். அவ்வளவு நேரமும் என் வீட்டுக்காரர் பெட்ரோல் டேங்கின் நசுங்கலைத் தடவிக்கொண்டிருந்தார். பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

ஆஸ்பத்திரிக்கு மாமனாரும் மாமியாரும் வந்ததும் அவர் சொன்னார்: "இவ பொடவ சக்கரத்துல மாட்டிக்கிச்சு. நான் இன்னா பண்றது?"

நான் அவரையே பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"பொடவையில ஒரு நூலு பிரிஞ்சிருக்கா பாருங்க அத்தே. எறக்கத்துல இஞ்சின நிறுத்திட்டு வந்தாரு."

மாமியார் புடவைப் பக்கம் திரும்பவே இல்லை. "ஓட்டனவனுக்குத் தெரியாதா? வண்டியில ஒக்காரத் தெரியாதவளுக்கு மலையில வேல இன்னாத்துக்கு?"

அவர்கள் போன பிறகு அவரிடம் கேட்டேன். "ஏங்க அப்பிடி சொன்னீங்க?"

"உள்ளத சொன்னா அப்பா வண்டிய புடுங்கிக்குவாரு. உன்ன யாரு இன்னா பண்ணிடப் போறாங்க?"

நன்றாகவே பண்ணினார்கள். மாவுக்கட்டுப் பிரிப்பதற்குள் நான் வேலையை விட வேண்டும் என்று வீட்டில் முடிவானது. என் அம்மாகூட, "பொடவைய ஒழுங்கா சொருவிக்கக் கூடாதா?" என்றுதான் அழுதாள். உண்மையைச் சொல்ல அவர் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், என் வேலை தப்பும். இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று கட்டிலில் கிடந்து காத்திருந்தேன். அடிபட்ட கால் வலித்தது உண்மைதான். ஆனால் மனசு எரிந்தது இந்த மனிதரால். கடைசியில் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரே எழுதிய ராஜினாமாக் கடிதத்தை நீட்டி, "கையெழுத்து போடு" என்றார்.

அதற்குள் வண்டி நசுங்கல் எடுத்து, பெயின்ட் அடித்து வந்திருந்தது. அதில்தான் மலையேறிப் போய் அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.