அடைப்புக்குறிக்குள் அண்ணனின் மெட்டு

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்த காலம். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் அண்ணன் வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொள்வான். வாரமெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் மருந்தோடு கிடப்பவனுக்கு, சர்ச் பாடகர் குழுவுக்கு மெட்டுப் போடுவதுதான் உயிர். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் கிடைத்த மென்பொருள் அது. சுரங்களை எழுத்துகளாக அடித்தால், அதுவே கோடு கிழித்து இசைக்குறிப்பாக்கித் தரும். ஒரே அசையைப் பல சுரங்களில் இழுத்துப் பாட அடைப்புக்குறி போட வேண்டும். மூடும் குறி கடைசிச் சுரத்துக்கு முன்னால் வரும்.

பிறகு தாயில்பட்டிப் பக்கம் அவன் வேலை பார்த்த அறை வெடித்தது. ஆள் பிழைத்தான். கண் இரண்டும் போய்விட்டன.

அவன் மெட்டை, சர்ச்சில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் பாடுவதென்று குழுவில் முடிவானது. அதற்குள் காலண்டர் சீசன் வந்து, முதலாளி எங்கள் கம்ப்யூட்டரை அழித்துப் புதுசாக்கியிருந்தார். மென்பொருளும் புது வெர்ஷன். தனியாக ஒரு சிடியில் எடுத்துவைத்திருந்த அண்ணனின் பழைய கோப்பை அதில் கொடுத்தேன். மேலே அண்ணன் பேரோடு, முணுமுணுக்காமல் அச்சடித்துத் தந்தது. பாழாய்ப்போன புது வெர்ஷனில் மூடும் குறி கடைசிச் சுரத்துக்குப் பின்னால் வர வேண்டுமாம். இழுவையெல்லாம் ஒரு சுரம் முன்னதாகவே முடிந்து, அடுத்த அசை முந்திக்கொண்டது. எனக்கு அந்தக் கோடுகளை வாசிக்கத் தெரியாது.

ஒத்திகையில் கேட்ட அண்ணன், "நான் இப்பிடிப் போடலையே" என்று பதறினான்.

"அச்சுல தெளிவா இருக்கேய்யா. நீ அடிச்சதுதான? உடம்பு தேறட்டும், எல்லாம் ஞாபகத்துக்கு வரும்" என்றார் குழுத் தலைவர்.

கண் போனபோதுகூட அழாதவன் அன்று அழுதான். நான் மென்பொருளின் உதவிப் பக்கங்களைக் குடைந்து காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்திய தாள்களோடு தலைவரிடம் ஓடினேன்.

"விடிஞ்சா பண்டிகை. புள்ளைக இப்பிடியே பழகிருச்சுக. ஒரு சுரந்தானம்மா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தாள்களை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து தன் மெட்டைத் தன் போக்கில் பாடினான். குழுவோடு ஒட்டவில்லை. பின்னாலிருந்த ஒருத்தி, "பாவம், கண்ணோட சேந்து புத்தியும் போயிருச்சு போல" என்றாள். அவன் நிறுத்திவிட்டான். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. அவன் இலையில் கை வைக்கவில்லை.

வீட்டுக்குக் கைபிடித்துக் கூட்டிவந்தேன். வழியில் ஒரே ஒருமுறை பேசினான்.

"அவுக அப்பிடியே பாடட்டும் தாயி. எம்பேர மட்டும் எடுத்துரச் சொல்லு."